ஓடிப்போகச் சொன்ன பாட்டு. தேடி வரவைத்த ஊர்!

நியூயார்க்கின் பென் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், இரண்டு மணி நேரத்துக்குள் அஸ்பரி பார்க் வந்துவிடும். நியூஜெர்சி மாநிலத்தின் சின்னக் கடற்கரை ஊர். ஸ்டேஷனிலிருந்து நேராக நடந்தால் அட்லாண்டிக் கடல். கரையை ஒட்டி நீளமாக ஒரு மரப்பலகை நடைபாதை.

1871-ல் உருவான இந்த ஊர், ஒரு காலத்தில் கோடை விடுமுறைக் கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. பிறகு கூட்டம் வேறு கடற்கரைகளுக்குப் போனது. 1970 ஜூலையில் வேலையின்மையும் இனப் பாகுபாடும் கலவரமாக வெடித்தன. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஸ்பிரிங்வுட் அவென்யூ எரிந்தது. கடைகள் மூடின, ஊர் மெல்லச் சாய்ந்தது.

அந்த ஊரின் கிளப்புகளில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1973-ல் வெளியான முதல் ஆல்பத்துக்கு ஊர் பெயரையே வைத்தார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனை இல்லை. அதே ஆண்டு வந்த இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் ஓடவில்லை என்றால் கம்பெனி கைகழுவிவிடும் என்ற நிலை.

பக்கத்து லாங் பிராஞ்சில் ஒரு சிறிய வாடகை வீடு. அங்கே உட்கார்ந்து எழுதிய பாட்டுதான் 'பார்ன் டு ரன்'. அந்த ஒரே பாட்டைப் பதிவு செய்ய ஆறு மாதம் ஆனது! முழு ஆல்பமும் முடிந்ததும், பிரதியைக் கேட்டு வெறுத்துப்போய் ஹோட்டல் நீச்சல் குளத்தில் வீசினாராம்.

1975 ஆகஸ்ட் 25. எட்டே பாடல்களுடன் ஆல்பம் வெளியானது. அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. அக்டோபரில் 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டு பத்திரிகைகளின் அட்டையிலும் ஒரே வாரத்தில் அவர் முகம். அமெரிக்காவில் மட்டும் இதுவரை 60 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. 2003-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், ஊரைவிட்டு ஓடிவிடத் துடிக்கும் இளசுகளின் பாட்டு அது. அதைக் கேட்டவர்களோ அந்த ஊரைத் தேடி வருகிறார்கள். 1974-ல் திறந்த 'ஸ்டோன் போனி' கிளப்பின் வாசலில் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் மிஞ்சவில்லை. பாட்டில் வரும் 'பேலஸ்' பொழுதுபோக்குக் கூடத்தை 2004-ல் இடித்துவிட்டார்கள். அதன் சுவரில் இருந்த 'டில்லி' என்ற சிரித்த முகத்தை, ஊர்க்காரர்கள் போராடி, சுவரோடு அறுத்தெடுத்துக் காப்பாற்றினார்கள்.

இன்று கடலோரத்தில் விலை உயர்ந்த அடுக்குமாடிகள் எழுகின்றன. தண்டவாளத்துக்கு மேற்கே, ஸ்பிரிங்வுட் அவென்யூவுக்கு அந்த வெளிச்சம் மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. பாட்டு கேட்டு வருகிறவர்கள் அந்தப் பக்கமும் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம். எதிலிருந்து தப்பி ஓட அந்த இளசுகள் துடித்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.