பட்டாணியும் பௌர்ணமியும்

கதை எழுதுகிறவனுக்கு நிலாவைப் பற்றி என்ன தெரியும்? எத்தனையோ அத்தியாயங்களில் அதை உதிக்க வைத்திருக்கிறேன். கதாநாயகி அழும்போது மேகத்தில் மறைத்தும் இருக்கிறேன். அதன் அளவு என்ன என்று மட்டும் யாரும் என்னைக் கேட்டதில்லை. சென்ற தை மாதப் பௌர்ணமியன்று என் பேத்தி கேட்டுவிட்டாள்.

மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தென்னை மரங்களுக்குப் பின்னாலிருந்து, துலக்கி வைத்த தாம்பாளம் போல நிலா எழுந்தது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிசு!" என்றேன்.

"எவ்வளவு பெரிசு? சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் பேத்தி.

நான் விழித்தேன். அவள் பாட்டியின் முறத்திலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கையை நன்றாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அவ்வளவு பெரிய தாம்பாளம் அந்தப் பட்டாணிக்குப் பின்னால் முழுவதும் மறைந்துவிட்டது!

இரவு பத்து மணிக்கு நிலா உயரே ஏறிச் சிறுத்துவிட்டது போல் தோன்றியது. மறுபடி அதே பட்டாணி. மறுபடி அதே மறைப்பு. உண்மையில், அடிவானத்தில் இருக்கும்போதுதான் நிலா நமக்குச் சற்று அதிக தூரத்தில் இருக்கிறதாம். ஆகவே அப்போது இம்மியளவு சிறிதாகவே தெரிய வேண்டும். பெரிதாக்குவது நிலா அல்ல. பார்க்கிற நம் மனம்தான்.

"அங்கே நின்னு நம்ம பூமியைப் பார்த்தா ஒரு பட்டாணி பத்தாது தாத்தா. நாலு பட்டாணியை வரிசையா வைக்கணும்" என்றாள். பூமி அங்கே உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். சூரியன் மட்டும் நகரும். ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை நம் கணக்கில் 29½ நாள். அதில் பாதி பகல், பாதி இரவு.

அந்த இரவை நானும் அவளும் முன்பே அறிவோம். 2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3இன் விக்ரம் நிலாவில் இறங்கியதை டெலிவிஷனில் பார்த்துக் கைதட்டினோம். அங்கே பகல் இருந்தவரை அது உழைத்தது. செப்டம்பர் 4ஆம் தேதி அதை உறங்க வைத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே நூறு டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும் குளிர். பொழுது விடிந்தபின், 22ஆம் தேதி கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை.

"விடிஞ்சுதான் போச்சே, ஏன் எழுந்திருக்கலை?" என்று குழந்தை அன்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பட்டாணியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஓர் அண்ணன் உண்டு. சிறு வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்க்க வைத்தவர். எங்கள் ஊர்க் கிணற்றில் பங்கு யாருக்கு எத்தனை நாள் என்று ஒரு தகராறு. அதிலிருந்து பேச்சு இல்லை. 2019 டிசம்பர் 26 காலை திண்டுக்கல்லில் கங்கண கிரகணம். சூரியன் குறுக்களவில் நிலாவைப் போல் சுமார் 400 மடங்கு. தூரமும் சுமார் 400 மடங்கு. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. அன்று நிலா சற்று விலகி இருந்ததால் சூரியனை முழுக்க மறைக்க முடியாமல் நெருப்பு வளையம் தெரிந்தது. தெருவின் ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். கறுப்புக் கண்ணாடி வழியாக இருவரும் ஒரே வளையத்தைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தூரத்தில் இருந்த நிலாவால் சூரியனை முழுக்க மறைக்க முடியவில்லை. ஆனால் ஒரு பாதிக் கிணறு, கண்ணுக்கு மிக அருகில் பிடித்ததால், என் அண்ணனை முழுக்க மறைத்துவிட்டது!

நிலாவில் இரவு எவ்வளவு நீண்டாலும் விடிவது நிச்சயம். விடியும்போது எழுந்திருக்க ஆள் இருக்க வேண்டுமே! அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது.

கீழே இறங்கிப் போய் டெலிபோனை எடுத்தேன். மணி வெகுநேரம் அடித்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது.

"யாரு?" என்றது தூக்கக் குரல்.

"நான்தான் அண்ணே."

சற்று நேரம் மௌனம். பிறகு, "ஏண்டா, உடம்புக்கு ஏதாச்சுமா? இந்நேரத்துக்குக் கூப்பிடறே?" என்றார்.

"ஒண்ணுமில்லை. வாசல்லே வந்து பாருங்க, நிலா நல்லா இருக்கு."

செருப்பைத் தேடிப் போடும் சத்தமும், தாழ்ப்பாள் விலகும் சத்தமும் கேட்டன.

மறுநாள் காலை குருமாவில் பட்டாணி மிதந்தது. நிலாவை மறைத்தது எது என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.