கண்ணும் விரலும் ஒரே சில்லில்

அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், சப்தர்ஷி தாஸ் குழு, 2023. ஒளியையும் தொடுதலையும் சேர்த்து உணரும் அவர்களுடைய சில்லு நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. அதிலுள்ள டிரான்சிஸ்டரின் மூலப்பொருள் மாலிப்டினம் டைசல்ஃபைடு, தடிமன் மூன்றே அணு. ஒளி பட்டால் அதில் மின்னோட்டம் கூடுகிறது. ஒளி நின்ற பிறகும் அந்தத் தடம் உடனே அழிவதில்லை. பார்ப்பதும் நினைவில் வைப்பதும் ஒரே இடத்தில் நடக்கின்றன. தொடுதலுக்கு வேறு ஏற்பாடு: இரு பரப்புகள் தொட்டுப் பிரியும்போது பிறக்கும் மின்னழுத்தம் அதே டிரான்சிஸ்டரின் கேட் முனைக்குப் போகிறது. வெளியே வருவது நியூரான் அனுப்புவது போன்ற மின்துடிப்புகள்.

முக்கியமான முடிவு இது. மங்கிய ஒளிக்கு ஒரு பதில், மெல்லிய தொடுதலுக்கு ஒரு பதில். இரண்டும் சேர்ந்து வந்தால், அவற்றின் கூட்டுத்தொகையைவிடப் பெரிய பதில். ஒளியும் தொடுதலும் வலுவாக இருந்தால் இந்த உபரி குறைந்துவிடுகிறது.

*

உயிருள்ள மூளையில் இந்த உபரியை முன்பே கண்டவர்கள் பாரி ஸ்டைனும் அலெக்ஸ் மெரிடித்தும். 1980களில் பூனையின் நடுமூளையில் ஒவ்வொரு நியூரானாகக் கேட்டுப் பதிவுசெய்தார்கள். கண், காது, தோல் மூன்றிலிருந்தும் செய்தி வாங்கும் நியூரான்கள் அங்கே உண்டு. தனித்தனிக் குறிகள் எவ்வளவு பலவீனமோ, சேரும்போது ஆதாயம் அவ்வளவு அதிகம்.

சாயங்கால வெளிச்சத்தில் முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குபவரை நினைத்துக்கொள்கிறேன். கண்ணுக்குச் சந்தேகம், விரல்நுனிக்கும் சந்தேகம். இரண்டு சந்தேகமும் ஒரே மணியின் மேல் விழும்போது கை தயங்காமல் எடுத்துப்போடுகிறது. நல்ல வெளிச்சத்தில் கண் மட்டுமே போதும்.

*

கார்வர் மீட், கால்டெக், 1980களின் கடைசி: நரம்பு மண்டலத்தைப் பின்பற்றும் மின்சுற்றுகள் என்ற துறைக்குப் பெயர் வைத்தவர். அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட் சிலிக்கானில் விழித்திரை செய்தார். வெகுகாலம் கண் ஒரு சில்லு, காது இன்னொரு சில்லு என்றே வேலை நடந்தது. சேர்ப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஆனால் உணரியிலிருந்து நினைவகத்துக்கும் அங்கிருந்து செயலிக்கும் தரவை ஓட்டுவதிலேயே மின்சாரம் கரைகிறது. மூளை முழுவதும் ஓடுவது சுமார் 20 வாட்டில்.

*

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 2020. ஒளி உணரியும் அழுத்த உணரியும் தனித்தனி. இரண்டின் குறியையும் ஹைட்ரோஜெல் கம்பி வழியே அயனிகளாகக் கடத்தி, சினாப்ஸ் போல நடக்கும் டிரான்சிஸ்டரில் சேர்த்தார்கள். வெளியீட்டைக் கொண்டு ரோபோ கையை அசைத்தார்கள். வளர்ப்புத் தசை இழைகளையும் அசைத்தார்கள். கம்பியில் எலெக்ட்ரானுக்குப் பதில் அயனி ஓடுவது எனக்கு மிகவும் பிடித்தது. உடலோடு ஒட்டவேண்டிய கருவிக்கு அதுவே இயல்பான வழி.

செயற்கைக் கை அணிந்தவர்கள் ஒரு டம்ளரைப் பிடிக்கும்போதுகூடக் கண்ணை எடுக்க முடிவதில்லை, பெரும்பாலான கைகளில் தொடு உணர்வு இல்லாததால். இந்த ஆராய்ச்சி முதலில் போய்ச் சேரவேண்டியது அவர்களிடம்தான். கிடங்கு ரோபோக்கள் காத்திருக்கலாம்.

*

ஒரு குறை உறுத்துகிறது. இந்தச் சில்லுகள் சொல்வது, ஒளியும் தொடுதலும் *ஒரே நேரத்தில்* வந்தன என்பதை. கண்ட பொருளும் தொட்ட பொருளும் *ஒன்றே* என்பது வேறு அறிவு.

1688இல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்டது இதைத்தான்: பிறவியிலேயே பார்வையற்றவர், தொட்டு அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும், பார்வை கிடைத்ததும் கண்ணால் மட்டும் பிரித்துச் சொல்வாரா?

விடை தில்லியிலிருந்து வந்தது. பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பார்வை தரும் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம்; ஷ்ராஃப் கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை; 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேர்; முடிவு 2011இல் வெளியானது. பொம்மைக் கட்டை ஒன்றைத் தொட்டுப்பார்த்தபின், தொட்டே அடையாளம் சொன்னால் 98 சதவீதம் சரி. கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே கண்டுபிடித்தால் 92. தொட்டதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னால் 58. இரண்டில் ஒன்றைத் தேர்வது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். ஆனால் சில நாட்கள் கழித்து மறுபடி சோதிக்க முடிந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் மனம் நெகிழ்கிற கட்டுரை.

*

தில்லிப் பிள்ளைகளுக்கு முதலில் நேர்ந்ததே இருட்டிலேயே வளர்த்த பூனைகளுக்கும்: கண் செய்தியும் பிற புலன் செய்தியும் ஒரே நியூரானுக்கு வருகின்றன, உபரி மட்டும் பிறப்பதில்லை. இணைப்பு இருந்தும் அனுபவம் இல்லை.

இத்தாலியில் மோனிகா கோரியும் சகாக்களும், 2008: சுமார் எட்டு வயதுவரை குழந்தைகள் கண்ணையும் கையையும் சரியான விகிதத்தில் கலப்பதில்லை. அளவைச் சொல்லக் கையை நம்புகிறார்கள், சாய்வைச் சொல்லக் கண்ணை. பெரியவர்கள் அப்படியில்லை, பார்வை மங்கினால் அந்த அளவுக்குக் கையின் பக்கம் சாய்கிறார்கள்.

சில்லு இப்போது அந்த எட்டு வயதுக்கும் முந்தைய நிலையில் இருக்கிறது. எந்தப் புலனுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வடிவமைப்பவரே தீர்மானித்துவிடுகிறார். மாலிப்டினம் டிரான்சிஸ்டரின் மின்கடத்தலோ மாற்றி மாற்றி எழுதக்கூடியது. தில்லிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கட்டைகளை அதற்கும் கொடுக்கவேண்டும்: தொட்டுப் பழகட்டும், பிறகு இரண்டைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம், ஒவ்வொரு தவறுக்கும் அந்த மதிப்பைத் தானே திருத்திக்கொள்ள விடுவோம். அந்தச் சோதனையின் எண்களைத்தான் அடுத்துப் படிக்க விரும்புகிறேன்.