எடைக்குப் போகும் ஏடுகள்

பொறியைக் காப்பார் உண்டு. பொறியை விளக்கும் ஏட்டைக் காப்பார் உண்டோ? துருவேறிய வாளும் உடைந்த தேரும் கண்ணாடிப் பேழைக்குள் கொலுவிருக்கின்றன. பொறியை ஆக்கியவன் எழுதிவைத்த குறிப்போ, கடலை மடிக்கும் தாளாகிறது! நம் நாட்டில் மட்டுமா? அறிவிலே முதிர்ந்தவை என்று நாம் போற்றும் நாடுகளிலும் இந்த வேடிக்கை நடந்திருக்கிறது, தோழர்களே!

செர்மானியர் கொன்ராட் சூசே ஆக்கிய இசட்-4 கணிப்பொறியை, 1950இல் சூரிச்சுத் தொழில்நுட்பக் கழகம் வாடகைக்குப் பெற்று ஐந்தாண்டுகள் இயக்கிற்று. இன்று அப்பொறி மியூனிச்சுக் காட்சியகத்தில் வீற்றிருக்கிறது. இரும்பு இருந்தது, இயக்கும் முறையைச் சொல்லும் கையேடு இல்லை. தொலைந்ததென்றே கருதினர். 2020இல் அது கிடைத்த செய்தி வந்தது. எங்கே கிடைத்தது? அரசுக் காப்பகத்திலா? அல்ல, அல்ல! அக்கழகத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஒருவர் விட்டுச் சென்ற தாள்களிடையே, அவர் மகளின் கண்ணில் பட்டது. வானூர்தி இறக்கையின் அதிர்வு, ஏவுகணையின் பாதை என அப்பொறி தீர்த்த கணக்குகளின் குறிப்புகளும் உடனிருந்தன.

இங்கிலாந்தின் எட்சாக் கதையும் அத்தகையதே. 1949 மே 6ஆம் நாள் கேம்பிரிட்சில் முதற்கணக்கை முடித்த அப்பொறி, 1958இல் ஓய்ந்தது, பிரித்தெறிந்தனர். பின்னாளில் பிளெச்லி பூங்காவில் அதனை மீண்டும் கட்ட முனைந்தோர், பழைய ஒளிப்படங்களை உற்று நோக்கி ஊகித்தே கட்ட நேர்ந்தது. 2014இல் மின்சுற்று வரைபடங்கள் 19 வெளிவந்தன. குப்பைக்கெனத் தாழ்வாரத்தில் குவித்தவற்றை, அக்கூடத்தில் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அந்நாளில் எடுத்து வைத்திருந்தார்! அந்த ஒருவர் குனிந்து எடுக்காதிருந்தால்?

கையேடு கிடக்கட்டும், விளம்பரத் தாளுமா வேண்டும் என்பீர். வேண்டும். 1969இல் நீமன் மார்கசு என்னும் அமெரிக்க அங்காடியின் விற்பனைப் பட்டியலில் அனிவெல் நிறுவனத்தின் சமையலறைக் கணிப்பொறி இடம்பெற்றது. விலை 10,600 டாலர். பொறி கணக்கிடும் திறத்துக்கு ஈடாகப் பெண்ணுக்குச் சமைக்க வராதா என்ற கேலியோடு அதனை விற்க முனைந்தனர்! ஒன்றேனும் விற்றதாகச் சான்றில்லை. பொறியைப் பார்த்தால் இது தெரியுமா? புதுமையைப் படைத்த கரங்களே பழமையை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தன என்பதற்கு அத்தாளே சாட்சி.

நாம் பணியாற்றும் பள்ளியில் பழைய கணினிகளைக் கழித்தனர். பொறிகளுக்குப் பதிவேட்டில் எண் இருந்தது, ஏலத்துக்குப் போயின. கையேடுகளுக்கு எண் இல்லை, தராசில் ஏறின. “பொறியே போனபின் புத்தகம் எதற்கு, சார்?” என்றார் அலுவலக உதவியாளர். நான்கைந்தைக் கேட்டு வாங்கி வகுப்பில் வைத்தோம். உட்பலகையின் படத்தை நெடுநேரம் விரலால் தொடர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, இதெல்லாம் மனிதர் போட்ட பாதைதானா? அப்படியென்றால் நாங்களும் போடலாமா?” என்றாள். உதவியாளரின் வினாவுக்கு இதைவிட நல்ல விடை நமக்குத் தெரியாது.

1978இல் ஆப்பிள்-2 கணினியின் கையேட்டில் மின்சுற்றின் முழு வரைபடமே அச்சாகியிருந்தது. இன்றைய கைப்பேசிப் பெட்டிக்குள் இருப்பதோ எச்சரிக்கைச் சீட்டு! திறக்க இயலாத பெட்டி, கேட்கத் தெரியாத மக்கள். மாயம் பிறக்க வேறென்ன வேண்டும்? ஏடு இருக்கும் வரையில் அது மனிதன் செய்த கருவி; ஏடு மறைந்தால் மந்திரப் பெட்டி.

2015இல் மேரிலாந்தில் கடையொன்று மூடப்பட்டபோது, ஏறத்தாழ 25,000 கையேடுகள் குப்பைக்குப் போகவிருந்தன. சேசன் இசுகாட் குரல் கொடுத்தார், தொண்டர்கள் திரண்டனர், பெட்டி பெட்டியாக மீட்டனர். பட்டமா கேட்டது அப்பணி? தூக்கத் தோளும், துடைக்கத் துணியுமே கேட்டது.

இளைஞர்களே! உங்கள் ஊர் அலுவலகத்திலும் பள்ளியிலும் இத்தகைய ஏடுகள் தராசுக்குக் காத்திருக்கின்றன. கேட்டு வாங்குங்கள். ஆண்டும் மாதிரி எண்ணும் குறியுங்கள். அட்டை முதல் விலைச்சீட்டு வரை படமெடுங்கள். ஈரமும் கரையானும் நெருங்காமல் வையுங்கள். பழமையைத் தொழ அல்ல. எப்படிச் செய்தார்கள் என்று நாளை ஒரு பிள்ளை கேட்கும்போது, காட்ட நம் கையில் ஏடு இருப்பதற்காக!