குளிர் உள்ளே போகும் வரை

ஒரகடம் பக்கத்துச் சோதனைக்கூடம் ஒன்றில் இரண்டு சேம்பர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றுக்குள் 60 டிகிரி செல்சியஸ், மற்றதற்குள் மைனஸ் 40. இடையில் நாலு எட்டு தூரம், ஒரு தள்ளுவண்டி. மின் ஸ்கூட்டருக்கான பேட்டரிப் பெட்டி ஒன்றை அந்த வண்டியில் இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெப்பத்தில் குறைந்தது ஆறு மணி நேரம், குளிரில் குறைந்தது ஆறு மணி நேரம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அரை மணிக்கு மேல் ஆகக்கூடாது. இப்படி ஐந்து சுற்று முடிந்ததும் சாதாரண அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி சந்தைக்குப் போவதற்கு முன் ஏஐஎஸ் 156 என்ற இந்தியத் தரநிலை கேட்கும் சோதனைகளில் இது ஒன்று.

மூத்த டெக்னீஷியன் ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன் படித்தவர். ஏசி மெக்கானிக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தவர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன். சேம்பர் முகப்பில் மைனஸ் 40 என்று எண் ஒளிர்ந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"அது காத்தோட கணக்கு சார். உள்ள இருக்கற செல்லு இன்னும் ஜீரோகிட்டதான் நிக்குது" என்று பக்கத்துக் கணினித் திரையைக் காட்டினார். அதில் பல வண்ணக் கோடுகள். ஒரு கோடு மட்டும் செங்குத்தாக இறங்கித் தரைதட்டிவிட்டது, அது காற்று. மற்றவை தயங்கித் தயங்கி இறங்கிக்கொண்டிருந்தன. கடைசியாக, மேலே, பெட்டியின் நடுவில் இருக்கும் செல்லின் கோடு. ஆறு மணி நேரம் என்பது தரநிலை சொல்லும் குறைந்த அளவுதான். நடுச்செல்லின் கோடு மற்றக் கோடுகளோடு வந்து சேரும்வரை அவர் கதவைத் திறப்பதில்லை.

அந்தக் கோடுகளை வரைபவை தெர்மோகப்பிள்கள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளின் நுனிகளை ஒன்றாகப் பற்றவைத்தது, அவ்வளவுதான் கருவி. நுனியின் வெப்பநிலைக்கு ஏற்ப அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். அண்ணனின் கைவேலை முழுக்க அந்தக் கடுகளவு நுனியை எங்கே, எப்படி ஒட்டுவது என்பதில் இருக்கிறது. செல்லின் உடம்பை ஆல்கஹாலால் துடைத்தார். நுனியை வைத்து, மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் பாலிஇமைடு டேப்பை ஒட்டி, நகத்தால் நாலு பக்கமும் தேய்த்தார். பிறகு கம்பியைச் சிறிது தூரம் செல்லின் மேலேயே படுக்கவைத்து மறுபடி ஒட்டினார். கம்பி நேராக வெளியே ஓடினால் அது வழியாகவே வெப்பம் கசிந்து, நுனி பொய் சொல்லும். டேப் ஒரு மயிரிழை தூக்கினாலும் நுனி காற்றை அளக்க ஆரம்பித்துவிடும்; திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், சோதனை மட்டும் வீண். இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டேன். "இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

சென்னைப் பக்கம் ஓடும் வண்டிக்கு மைனஸ் 40 எதற்கு என்ற கேள்வியை அவர் நிறையக் கேட்டிருக்கிறார். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. லடாக்கின் குளிர்காலம் எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் விற்கும் பொருள் இரண்டையும் தாங்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. "வருஷக்கணக்கா வெயிலும் பனியும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து விடறத நாம சில நாள்ல இழுத்து விடறோம் சார்." அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 சென்டிமீட்டர் நீள அலுமினியப் பெட்டி, 100 டிகிரி ஏற்றத்தில் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீளும். உள்ளே இருக்கும் செப்பு, நிக்கல், பிளாஸ்டிக், ரப்பர் ஒவ்வொன்றும் தன் தன் அளவுக்கு நீண்டு சுருங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பவை வெல்டுகளும் ஈயப்பற்றுகளும். விரிசல் விழுவதும் அங்கேதான்.

குளிர்ச் சேம்பரைத் திறந்தபோது வெண்புகை தரையில் வழிந்தது. தோல் கையுறையோடு இருவர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைப்பதற்குள் அதன் மேல் பனி பூத்துவிட்டது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல, நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுதும் அதை நோக்கி ஓடிவருகிறது. வெப்பச் சேம்பருக்குள் அது உருகி, இணைப்புகளின் இடுக்கில் நீராக இறங்கும். அதனால் மாற்றும் வேலை விரைவாக நடக்கும்; யாரும் பேசுவதில்லை. ஈரக் கை அந்த உலோகத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

ஏஐஎஸ் 156 இன்றைய வடிவுக்கு வந்த கதை வேதனையானது. 2022இல் நாட்டின் பல ஊர்களில் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் வேலூரில், சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. ஏஐஎஸ் 156 திருத்தப்பட்டது. திருத்தத்தின் முதல் கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் நடப்புக்கு வந்தன. ஒரு செல்லில் கிளம்பும் வெப்பம் பக்கத்துச் செல்களுக்குப் பரவித் தீயாகிறதா என்று பார்ப்பதும் இப்போது கட்டாயம். சட்டம் கடுமையானது நல்லது. ஆனால் அந்தச் சட்டம் காகிதத்திலிருந்து பொருளுக்கு இறங்குவது நகத்தால் டேப்பைத் தேய்க்கும் கைகள் வழியாகத்தான்.

அடுத்த அறையில் சூரிய மின்பலகைகள் 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் கிடந்தன. 1000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஆறு வாரம். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுதான். தெருவிளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் ஒன்று என்னை அதிகம் நிறுத்திவைத்தது. ஓடும்போது தானே சூடாகும் பொருள் அது. சேம்பரின் விசிறிக் காற்று வேகமாக அடித்தால், சோதிக்கிறோம் என்ற பெயரில் அதைக் குளிர்வித்துவிடுவோம். கம்பத்தின் மேல், மூடிய கூட்டுக்குள் அதற்கு யார் விசிறுவார்கள்? அதனால் காற்றைத் தணித்து, தடுப்பு வைத்து, மெதுவாகச் சோதித்தார்கள்.

ஓர் இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வந்தபின்னும் கம்ப்ரஸரை உடனே ஓட்ட முடியாது. உள்ளழுத்தம் சமனாகச் சில நிமிடம் விட வேண்டும். அதற்குள் சேம்பர் காற்று மைனஸ் 40ஐ விட்டு மேலே வந்துவிட்டது. அனுமதி இரண்டு டிகிரிதான். பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர் காலையில் பேட்டரி நிறுவனத்துக்குத் தகவல் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் நியாயமாகவே வாதாடினார்: நடுச்செல் அசையவே இல்லையே, வரைபடத்தில் தெரிகிறதே, ஓடிய மணிகளைக் கணக்கில் சேர்த்தால் என்ன?

"செல் அசையலன்னு நானும் பாத்தேன் சார். ஆனா ஆறு மணி நேரம் சேம்பர் நாப்பதுல நின்னுச்சுன்னு நான் கையெழுத்துப் போடணும். நிக்கல. அந்த ஆறு மணி நேரத்த மறுபடி ஓட்டறோம். கரண்ட் போனதும் ரிப்போர்ட்ல வரும்."

குரல் உயரவில்லை. அண்ணன் அதற்குள் பதிவேட்டில் நேரத்தைக் குறித்துவிட்டார். "ஆரம்பிச்சுட்டேம்மா" என்றார்.

பொறியாளர் செய்தது முற்றிலும் சரி என்று நினைக்கிறேன். பொருளுக்குள் குளிர் போனதா என்று பார்ப்பது தொழிலறிவு. போனது என்பதால் விதியைத் தளர்த்தலாம் என்றால், அடுத்த முறை போகாதபோதும் தளரும்.

ஐந்து சுற்றும் முடிந்து, ஓய்வு நேரமும் கழிந்து, பெட்டியைத் திறந்தார்கள். கசிவில்லை, வெடிப்பில்லை, தீயில்லை; தரநிலைப்படி தேறிவிட்டது. ஆனால் மூடியைச் சுற்றிய ரப்பர் கேஸ்கெட் ஒரு மூலையில் இறுகி, மேலே எழும்பியிருந்தது. இந்தச் சோதனையில் அது தோல்வி இல்லை. இருந்தும் பொறியாளர் அதைப் படமெடுத்து, அளவுகோல் வைத்து இன்னொரு படமெடுத்து, அறிக்கையில் தனிக் குறிப்பாகச் சேர்த்தார். அடுத்து வருவது பெட்டியைத் தண்ணீரில் மூழ்கவைக்கும் சோதனை. நிறுவனம் அதற்குக் காத்திருக்காமல் வேறு ரப்பரில் கேஸ்கெட் செய்து, புதுப் பெட்டியை அனுப்பியது. அதற்கும் முதல் சுற்றிலிருந்தே தொடங்கினார்கள்.