ஒரு நிமிஷ வேலை

நாள் முழுக்க வெல்டிங் வைப்பவன் கண்ணில் அடிபட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. முகமூடி இல்லாமல் அவனுக்குக் கையே ஓடாது. அடிபடுகிறவர்கள் எல்லாம் “ஒரு நிமிஷ வேலைதானே” என்று குனிகிறவர்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பர் பையன், ஒரே ஒரு டேக், அதாவது ஒரு பொட்டு வெல்டிங், வைக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் ஃபிட்டர், பிசிறு தட்ட கிரைண்டரை எடுக்கும் முதலாளி. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் எந்தப் பட்டறையில் எட்டிப் பார்த்தாலும் இவர்களில் ஒருவர் இருப்பார்.

ஆர்க் வெளிச்சம் அடித்தவுடன் வலிக்காது. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டுப் போய்விடும். வலி எழும்ப ஆறேழு மணி நேரமாகும். சாப்பிட்டுப் படுத்தபின் மணலை அள்ளிக் கொட்டினாற்போல உறுத்தும், விளக்கைப் பார்க்க முடியாது. ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆறிவிடுவதால்தான் பையன்கள் இதை மதிப்பதில்லை. கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு டேக் வைக்கிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆர்க்குக்கு 10, 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி வேண்டும், தம்பி.

நாலு இஞ்ச் கிரைண்டரில் கல் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதிலிருந்து தெறிக்கும் இரும்புத்தூள் கருவிழியில் ஒட்டினால், ஓரிரு நாளில் அதைச் சுற்றித் துரு வளையம் கட்டிவிடும். எடுத்துவிடப் பட்டறையிலேயே டாக்டர்கள் உண்டு: தீக்குச்சி முனை, வேட்டி நுனி, சில இடங்களில் நாக்கு!

மண்டை விரிந்த உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது பறக்கும் சில்லு இன்னும் மோசம். கண்ணுக்குள்ளேயே போய்விடும், வலிகூட அவ்வளவாக இராது. தேய்க்காதே, அழுத்தாதே. காகித டம்ளரைக் கண்மேல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போ.

பையன்களைத் திட்டுவது சுலபம். ஆணியில் தொங்கும் கண்ணாடியை முதலாளி ஒருநாள் போட்டுப் பார்க்கட்டும். கீறல் விழுந்து மங்கியிருக்கும், வியர்வையில் ஆவி படியும், ரப்பர் காதை அறுக்கும். எவன் போடுவான்? கண்ணுக்குப் பாதுகாப்புத் தர வேண்டியது யார் பொறுப்பு என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவிலேயே எழுதிவைத்தார்கள்.

பக்கவாட்டையும் மறைக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்றும் பெரிய விலையில்லை. பவர் கண்ணாடி போட்டவருக்கும் அது வேண்டும். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. கீறினால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். கேட்டைப் பிடிக்கிற பையனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.