பந்தலின் விலை

தமிழர் இல்லத்தில் மங்கலம் என்றால் பந்தல் எழுந்தாக வேண்டும். அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் வரும் மணவீட்டில், வரிசையாகக் கால் நாட்டிய பெரும்பந்தரும், அதன்கீழ்ப் பரப்பிய மணலும், ஏற்றிய விளக்கும் நம் கண்முன் நிற்கின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணத்திற்கோ நீல மேற்கட்டியும் முத்துப் பந்தலும் அமைகின்றன. அந்தப் பந்தல்கள் சொந்தமா, வாடகையா என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை போலும்.

பிழைப்பை நாடி மைசூருக்கு வந்து குடியேறிய நமக்கு அந்தக் கவலை உண்டு. ஊரில் பந்தல் என்றால் மூங்கில் ஒரு பங்காளி தோப்பிலிருந்து வரும். கீற்று இன்னொருவர் கொல்லையிலிருந்து வரும். கட்டுகிறவனுக்குக் கூலியும் சாப்பாடும் போதும். இங்கே தோப்பும் இல்லை, கொல்லையும் இல்லை. துணி, குழாய், நாற்காலி, அண்டா எல்லாம் வாடகை. கன்னடத்தார் பந்தலைச் 'சப்பர' என்பர். நமக்கோ சப்பரம் என்றால் சுவாமி பவனி வருவது. அடுத்த வீட்டு அம்மாள் "நாளைக்குச் சப்பர" என்றதும், என் தாயார் தேங்காய் பழத் தட்டுடன் வாசலில் நின்றது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

சென்ற ஆண்டு என் தங்கை மகன் ஒரு யோசனையுடன் வந்தான். "மாமா, நம் குடும்பத்தில் அடுத்தடுத்து மூன்று கல்யாணம் இருக்கிறது. வாடகையாகக் கொட்டுகிற பணத்தில் சொந்தமாகவே சாமியானா வாங்கிவிடலாம். மற்ற நாளில் வாடகைக்கு விட்டால் போட்ட முதல் வந்துவிடும். நீங்கள் ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்" என்றான். மீதிப் பணத்துக்கு என் தங்கை தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைக்கச் சித்தமாக இருந்தாள். அவளிடம் இருக்கும் நகை அது ஒன்றுதான்.

அவன் கணக்கில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் இருந்தது. நான் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்தேன். நமக்கு ஆடியும் மார்கழியும் ஆகா. சாந்திரமானத்தைப் பின்பற்றும் கன்னடத்தாருக்கு ஆஷாடமும் புஷ்யமும் ஆகா. அவர்களுடைய ஆஷாடம் பெரும்பாலும் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். இரு சாராரையும் நம்பிக் கடை வைப்பவனுக்கு இரண்டு வெறும் மாதங்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேரும். அப்போதும் வங்கித் தவணை நிற்காது. கிடங்கு வாடகை நிற்காது. எலி துணியைக் கடிப்பதும் நிற்காது. போதாக்குறைக்கு, 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரி வேறு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அதில் பதிந்துகொள்ள வேண்டும். முதலாண்டில் அவனுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முகூர்த்தம் மலிந்த சித்திரை வைகாசியிலோ, மைசூரில் மாலை நேரத்துக் காற்றும் இடிமழையும் சொல்லாமல் வரும். நெடுநாள் வழக்கிலுள்ள 18-க்கு 36 அடித் துணி ஒன்று 648 சதுர அடி, அதாவது 60 சதுர மீட்டர். ஆளுக்கு எட்டடி என்றால் எண்பது பேர் அமரலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடையளவு அழுத்துகிறது. முழுத் துணியும் அதற்கு முகம் கொடுத்தால் ஒரு டன் ஆயிற்று. மழைநீர் வடியாமல் துணிமேல் ஓர் அங்குலமும் வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் நின்றால் 600 கிலோ. இவ்வளவையும் தாங்குவது துணியன்று. நான்கு பக்கமும் தரையில் அடித்த முளையும், அதில் முடிந்த முடிச்சும்தான். அந்த முடிச்சைப் போடத் தெரிந்த கை எந்தக் கடையிலும் விலைக்கு வருவதில்லை.

காற்றையும் மழையையும் விடக் கொடியது தீ. 1995 டிசம்பர் 23 அன்று அரியானாவின் மண்டி டப்வாலியில் பள்ளி ஆண்டுவிழாப் பந்தலில் பற்றிய தீ நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அது செயற்கை இழைத் துணிப் பந்தல். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுக் கொட்டகை பற்றியெரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தல்களின் தீத்தடுப்புக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 8758 என்ற எண்ணில் விதிமுறை வகுத்திருக்கிறது. கூரை மூன்று மீட்டருக்குத் தாழலாகாது, செயற்கை இழைத் துணியும் கயிறும் ஆகா என்பன அதன் கூற்றுகள். மருமகன் கொண்டுவந்த விலைப்பட்டியலைப் புரட்டினேன். எல்லாம் பாலியெஸ்டர்.

மன்னர் மனையானாலும் தீ விட்டுவைப்பதில்லை என்பதற்கு நம் நகரமே சாட்சி. 1897 பிப்ரவரியில், மறைந்த மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் மூத்த மகள் ஜெயலட்சம்மண்ணியின் திருமண விழாவின்போதுதான் மைசூரின் பழைய மர அரண்மனை எரிந்தது. பின்னர் ஹென்றி இர்வின் வரைந்து 1912-இல் முடிவுற்ற புதிய அரண்மனையின் கல்யாண மண்டபத்தைப் பாருங்கள்: எண்கோண வடிவம், வார்ப்பிரும்புத் தூண்கள், மயில்கள் தோகை விரிக்கும் வண்ணக் கண்ணாடிக் கூரை. சுற்றுலா வருவோர் மயிலைப் பார்க்கிறார்கள். எனக்கோ அது, எரிந்த ஒரு கல்யாணத்தை மறக்கமாட்டாதவர்கள் எழுப்பிய பந்தலாகவே படுகிறது. துணியும் கீற்றும் மரமும் வேண்டாம் என்று இரும்பாலும் கண்ணாடியாலும் ஒரு பந்தல்!

அரண்மனைக்கு இயன்றது நமக்கு இயலாது. ஆகவே மருமகனிடம் என் நிபந்தனைகளைச் சொன்னேன். பருத்தித் துணியும் தேங்காய்நார்க் கயிறும்தான் வாங்க வேண்டும். அவை கனம், மழையில் நனைந்தால் இன்னும் கனம், வண்டிக்கூலி கூடும், ஆனாலும் அவைதான். எதிரெதிரே இரு வழி திறந்திருக்க வேண்டும். அடுப்பு பந்தலுக்கு வெளியே. மின்கம்பியை உரிமம் பெற்றவரே இழுக்க வேண்டும். தண்ணீர்ப் பீப்பாயும் மணல் வாளியும் அலங்காரத்துக்கு இடைஞ்சல் என்று எந்தப் பெண்வீட்டார் சொன்னாலும் அவற்றை எடுக்கலாகாது.

"இப்படியெல்லாம் செய்தால் லாபம் எங்கே மாமா?" என்றான்.

"வாடகை கொடுக்கிறவர் ஒருவர், உன் துணியின் கீழ் உட்காருகிறவர்கள் முந்நூறு பேர். முதலில் அவர்கள் கணக்கைப் பார்" என்றேன். அவன் முகம் வாடிற்று. என் தங்கை இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. அண்ணன் பிள்ளையின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறான் என்று அவள் எண்ணியதில் எனக்கு வருத்தமில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால்தான் வருந்தியிருப்பேன்.

முடிவில் முதல் கல்யாணத்தை வாடகைப் பந்தலிலேயே நடத்தினோம். பந்தல் போட வந்த முதியவர் முளையடிக்கும் நேர்த்தியை மருமகன் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவரிடமே நாட்கூலிக்குப் போய் வருகிறான். சங்கிலி என் தங்கையின் கழுத்தில் இருக்கிறது. முதல் வாரம் என்ன கற்றாய் என்று கேட்டேன். கட்டுவதை இன்னும் சொல்லித்தரவில்லையாம். காற்று எழும்பினால் உள்ளே இருப்பவர்களை எந்த வழியாக வெளியேற்றி, எந்தக் கயிற்றை முதலில் அவிழ்ப்பது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.