யார் எண்ணிய பறவைகள்?

"வேடந்தாங்கலுக்கு எத்தனை பறவைகள் வரும்?" என்று எவரேனும் கேட்டால், படாளத்துப் பெண்களாகிய நாங்கள் சற்றும் தயங்காமல் "ஆயிரக்கணக்கில்!" என்று சொல்லிவிடுவோம். படாளம் கூட்டு ரோட்டில் மேற்கே திரும்பும் பஸ்ஸில் ஏறினால் அந்த ஏரிக்கரைதான். எங்களில் ஒருத்திக்குத் தாய்மாமன் வீடே அங்கே. ஆகையால் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய அட்டவணை எழுதி வைப்பதென்று நாங்கள் ஐவர் முடிவு செய்து சிஸ்டரிடம் போய் நின்றோம். அவர்கள் எத்தனை என்று கேட்கவில்லை. "எண்ணியது யார்?" என்று கேட்டார்கள்.

அதற்கு எங்களிடம் விடையில்லை. இணையத்தில் தேடினோம். ஒவ்வோரிடத்தில் ஒவ்வோர் எண் இருந்தது. எந்த ஆண்டு, எந்த மாதம், யார் எண்ணியது என்று ஒன்றிலும் காணோம். "எல்லாவற்றிற்கும் நடுவாக ஒன்றைப் போட்டுவிட்டால் என்ன?" என்று எங்களுள் ஒருத்தி மெல்லக் கேட்டாள். அது சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. பிறகென்ன? பறவைகளைப் படிக்கப் போன நாங்கள் முதலில் பறவைக் கணக்குகள் எங்கே இருக்கின்றன, அவற்றை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதைப் படிக்க வேண்டியதாயிற்று.

முற்காலத்தில் இதற்குப் புத்தகமே கதி. சாலிம் அலியும் டில்லன் ரிப்ளியும் எழுதிய பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அது நூலகத்தில் இருந்தால் படிக்கலாம்; இல்லையேல் இல்லை. இன்று பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டதை அன்றன்றே 'இ-பேர்ட்' என்னும் தகவல் களஞ்சியத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலுள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-ல் தொடங்கியது அது. நம் நாட்டில் 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் 30,000-க்கும் மேற்பட்டோர் சேர்த்த 3 கோடிப் பதிவுகள்! அவர்களுள் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். விடியற்காலையில் எழுந்து ஏரிக்கரைக்குப் போகும் சாதாரண மனிதர்கள்.

வேடந்தாங்கலில் இதுவரை எந்தெந்த இனங்கள் காணப்பட்டன என்ற பட்டியலை எவரும் பார்க்கலாம். ஆனால் முழுப் பதிவுகளையும் கோப்பாகப் பெற வேண்டுமானால் விண்ணப்பம் போட வேண்டும். பணம் கிடையாது. எதைப் பற்றிய ஆய்வு, தகவலை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் அறிவியல் டீச்சர் தம் பெயரில் விண்ணப்பிக்க, காரணத்தை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். அந்த நான்கு வரிகளை எழுத எங்களுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன! சில நாள் கழித்து அனுமதி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. வியாபாரத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. பெற்ற கோப்பை அப்படியே பிறருக்குக் கொடுக்கக் கூடாது. எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

இலவசமாகக் கொடுப்பதற்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று எங்களுக்கு முதலில் சிறிது கோபம்தான். ஆனால் ஒரு விதியைப் படித்தபின் அந்தக் கோபம் தணிந்தது. பிடிக்கப்படும், வேட்டையாடப்படும் அபாயமுள்ள சில இனங்கள் இருக்கும் இடத்தைக் களஞ்சியம் எல்லோருக்கும் காட்டுவதில்லை. அதற்குத் தனியே காரணம் கூறிக் கேட்க வேண்டும். இது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதன்று. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள். அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் கொடுத்தார். 1798-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தப் பத்திரத்திற்குக் கவுல் என்று பெயர். பறவைகள் விஷயத்தில் என்ன செய்யக் கூடாது என்பதை அன்று கவுல் சொன்னது. இன்று உரிமம் சொல்கிறது.

அடுத்தது ஜி.பி.ஐ.எஃப். என்னும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு. 2001-ல் தொடங்கிய இதன் தலைமையகம் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் உள்ளது. அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த பறவைகள் முதல் நேற்று எடுத்த படம் வரை பலரும் கொடுத்த பதிவுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்பும் மூன்று உரிமங்களுள் ஒன்றைத் தாங்கி நிற்கிறது: கட்டுப்பாடே இல்லாதது, பெயர் சொன்னால் போதுமென்பது, பெயரும் சொல்லி வியாபாரமும் செய்யாதே என்பது. பல தொகுப்புகளைச் சேர்த்து எடுத்தால் அவற்றுள் எது கடுமையோ அதுவே முழுவதற்கும் பொருந்தும். ஒரு குடம் பாலில் ஒரு கரண்டி மோர் விழுந்த கதைதான்!

அங்கே எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நாம் எடுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் ஒன்றைத் தருகிறார்கள். என்ன கேட்டோம், என்றைக்குக் கேட்டோம், எத்தனை பதிவுகள் வந்தன என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். இ-பேர்ட்டிலும் எந்த மாதத்துப் பதிப்பு என்பதைக் குறிப்பிட வேண்டும். ஏனெனில் கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. புதிய பதிவுகள் சேர்கின்றன. ஐயத்துக்குரியவற்றைச் சரிபார்ப்பவர்கள் விலக்குகிறார்கள். வெறுமனே 'இணையம்' என்று எழுதினால், 'ஊரில் ஒருவர் சொன்னார்' என்பதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். எல்லாக் களஞ்சியங்களும் இப்படித் திறந்திருப்பதில்லை. ஆய்விதழ்கள் பலவற்றுக்குச் சந்தா அதிகம். 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் மத்திய அரசு வாங்கித் தருகிறது. பள்ளிகள் அதில் சேரவில்லை. பத்தாம் வகுப்புப் பெண்கள் ஆய்விதழ் படிக்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும்!

இத்தனைக்கும் பிறகு எங்கள் அட்டவணையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தோழியின் தாய்மாமன் வீட்டுத் தாத்தா ஏரிப்பாசன விவசாயி. பறவை எச்சத்தால் ஏரித் தண்ணீர் உரமேறிப் பயிருக்கு ஊட்டமாவதையும், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு ஊரில் வெடி வெடிக்காததையும், எந்தெந்த ஆண்டு மழை பொய்த்துப் பறவைகள் வராமற் போயின என்பதையும் அவர் மணிக்கணக்கில் சொன்னார். களஞ்சியங்களில் நாங்கள் எடுத்த பதிவுகள் அனேகமாய் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை; தாத்தாவின் நினைவு அதற்கு வெகு முன்னே போகிறது. ஆனால் தாத்தாவுக்கு டி.ஓ.ஐ. எண் ஏது? வேறு ஒருவருடைய உழைப்புக்கு அத்தனை பணிவாகப் பெயர் எழுதிவிட்டு, நம் ஊர்ப் பெரியவர் சொன்னதை மட்டும் பெயரில்லாமல் எடுத்துக்கொள்வது சரியா? இதில் எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில் அவரிடமே கேட்டோம். "எம் பேரு எதுக்கும்மா? ஊர்ப் பேர போடுங்க, போதும்" என்றார். அவ்வாறே, 'வேடந்தாங்கல் ஏரிப்பாசன விவசாயி ஒருவர், நேரில் கூறியது' என்று தேதியுடன் எழுதினோம். இ-பேர்ட்டுக்கு எந்த அளவு எழுத்தோ, அதே அளவு எழுத்து.

ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நாங்களும் கலந்துகொண்டோம். குறைந்தது கால் மணி நேரம் கவனித்து, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி எழுத வேண்டும். கூழைக்கடாக்களைப் பொறுமையாக எண்ணிவிட்டோம். நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக எழும்பிச் சுற்றியதால் எண்ண முடியவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஊகித்து எழுத வேண்டாம், 'எக்ஸ்' என்று போடலாம் என்று விதி இருக்கிறது. போட்டோம். இனி எங்கோ ஒருவர் விண்ணப்பம் எழுதி வேடந்தாங்கலின் கோப்பைப் பெற்றால், எங்கள் கூழைக்கடாக்களும் எங்கள் எக்ஸும் அதில் இருக்கும்.

கண்காட்சியன்று பெற்றோர் பலர் வந்தனர். ஒரு தோழியின் அப்பா அட்டவணையின் அடியில் இருந்த நீண்ட எண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருடைய போன் நம்பரம்மா?" என்று கேட்டார். நாங்கள் கைப்பேசியில் அந்த எண்ணைத் தட்டி, திறந்த பக்கத்தை அவரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினார்.